நெட் இல்லாதப்போ மட்டும் திறக்குதுடா

மூன்று வாரமாக ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்காவின் லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்காமல் போனது. நான் உட்கார்ந்து சரி செய்தேன். அன்று இரவே அது மறுபடியும் திறக்கவில்லை. இரண்டாவது தடவைதான் நிஜமாகச் சரியானது. இப்போது லேப்டாப் நன்றாக ஓடுகிறது, அக்கா வேலையில் மூழ்கிவிட்டாள், யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. ஆனால் முதல் நாள் நான் செய்த வேலையை நினைத்தால் எனக்கு மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது.

அக்கா மொழிபெயர்ப்பாளர். ஒரு பதிப்பகத்துக்காகப் பல வருடம் வீட்டிலிருந்தே வேலை செய்தவள், சமீபத்தில்தான் அதை விட்டுவிட்டுத் தனியாக ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "திறக்க மாட்டேங்குது தம்பி. பதினோரு அத்தியாயம் உள்ளே இருக்கு" என்றாள். ஆன் செய்து, கீழே இருக்கும் மஞ்சள் ஃபோல்டர் படத்தை அழுத்தினேன். ஜன்னல் வந்தது. உள்ளே வெறும் வெள்ளை. நீல வட்டம் சுற்றியது. சில விநாடியில் ஜன்னல் முழுவதும் ஒரு மங்கல் படர்ந்து, தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வந்து நின்றது. அதை மூடினால் டாஸ்க்பாரும் சேர்ந்து ஒரு கணம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. அது போய் வந்ததைப் பார்த்து அக்கா இன்னும் பயந்துவிட்டாள்.

அந்தப் பயம் தேவையில்லை. 1995-இல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே புரோகிராம்தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஃபைல்களைக் காட்டுவதும் அதுதான், டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் வரைவதும் அதுதான். அது மாட்டிக்கொண்டால் திரையே செத்த மாதிரி தெரியும். ஆனால் ஃபைல்கள் இருப்பது டிஸ்கில். எக்ஸ்ப்ளோரர் அவற்றைப் பார்க்க உதவும் ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னல் இறுகிப்போனதால் வீட்டுக்குள் இருப்பது எதுவும் கெட்டுப்போவதில்லை. இதை வாயால் சொன்னால் பயந்திருப்பவருக்கு ஏறாது, கண்ணால் காட்ட வேண்டும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அவளுடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய், ஃபைல் பட்டியலைக் காட்டும் 'டிர்' கட்டளையை அடித்தேன். கறுப்புத் திரையில் பட்டியல் ஓடியது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு "ஐயோ, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கே" என்றாள். அவள் ஃபைல்களுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பவள். அந்தப் பழைய கறுப்பு ஜன்னலுக்குத் தமிழ் எழுத்தை வரையத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயரும் வரிசையாகக் காலிக் கட்டங்கள். ஆனால் இடப்பக்கம் தேதி இருந்தது, நேரம் இருந்தது, எத்தனை பைட் என்ற எண் இருந்தது. "இந்த வரியைப் பார். முந்தாநாள் ராத்திரி 11:42. அந்த நேரத்துல எதை சேவ் பண்ணினே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒன்பதாவது அத்தியாயம்" என்றாள். அடுத்த வரிக்கும் கேட்டேன், அதற்கும் சொன்னாள். அப்படியே நான்கைந்து வரி. கட்டங்களுக்குப் பின்னால் அத்தியாயங்கள் இருக்கின்றன என்று அவளே நேரத்தை வைத்துப் படித்துக்கொண்ட பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகி, ரோபோகாப்பி கட்டளையால் டாக்குமென்ட்ஸ் முழுவதையும் உள்ஃபோல்டர்களோடு காப்பி எடுத்தேன். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருவது அது. முடிந்ததும் கீழே ஒரு சிறு அட்டவணை போடும். அதில் 'ஃபெயில்டு' என்ற தலைப்பின் கீழ் சைபர் இருந்தால் எதுவும் விட்டுப்போகவில்லை. சைபர்தான் இருந்தது. அன்று நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். இதிலும் ஒரு ஓட்டை இருந்தது, பிறகு சொல்கிறேன்.

திறக்கவில்லை என்றால் எப்படித் திறக்கவில்லை?

இந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். 'திறக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுவேறு நோய்கள் இருக்கின்றன. அழுத்தினால் எதுவுமே நடக்காமல் இருப்பது ஒன்று. ஜன்னல் மின்னி மறைவது இன்னொன்று. ஜன்னல் வந்து, உள்ளே எதுவும் வராமல், உறைந்து நிற்பது மூன்றாவது. வைத்தியமும் வேறுவேறு.

மின்னி மறைந்தால் எக்ஸ்ப்ளோரர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அதற்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்திருப்பார். ரைட் கிளிக் மெனுவில் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் புரோகிராம்கள் உண்டல்லவா? ஜிப் செய்வது, கிளவுடில் ஏற்றுவது, பிடிஎஃப் ஆக்குவது எல்லாம். அவற்றின் துண்டுகள் எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளேயே ஏறி ஓடுகின்றன. ஒன்று தடுக்கி விழுந்தால் எக்ஸ்ப்ளோரரும் சேர்ந்து விழும். அப்படி விழுந்தால், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 1000 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும், அதில் எந்தத் துண்டில் பிசகு என்று ஒரு பெயரும் இருக்கும். அந்தப் பெயர் எந்தப் புரோகிராமுடையது என்று பார்த்து அதை நீக்கினால் போதும்.

உறைந்து நின்றால் கதை வேறு. எக்ஸ்ப்ளோரர் சாகவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் வரும் எண் 1002. பதிலளிக்காமல் போனது என்று மட்டும் சொல்லும், யார்மேல் பழி என்று சொல்லாது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி எது கெட்டுப்போனது என்பதல்ல, எதற்காகக் காத்திருக்கிறது என்பது. சாகக் கிடக்கும் டிஸ்க் ஒரு பதிலைக் கொடுக்கத் திணறலாம். பாதி எழுதப்பட்டுச் சிதைந்த ஒரு வீடியோவுக்குச் சின்னப் படம் தயாரிக்க முயன்றுகொண்டிருக்கலாம். எங்கோ இருக்கும் ஒரு மெஷின் கதவைத் திறக்கட்டும் என்று நிற்கலாம்.

அன்று ஈவென்ட் வியூவரையும் திறந்து பார்த்தேன். 1002, 1002, 1002 என்று வரிசையாக இருந்தது. பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே மனதில் ஒரு பட்டியல் இருந்தது, அந்தப் பட்டியலை முடிப்பதில்தான் குறியாக இருந்தேன்.

பட்டியல்

எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்தான் அது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய், பழைய ஹிஸ்டரியை அழி, விண்டோஸைத் தானே பழுதுபார்க்க வைக்கும் டிஸ்ம், எஸ்எஃப்சி கட்டளைகளை ஓட்டு, சேஃப் மோடில் பார். வேலைக்கு நடுவே அப்டேட் எதுவும் புகுந்து குழப்பக் கூடாது என்று முதலில் ஏரோபிளேன் மோடை ஆன் செய்தேன். இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு பட்டனில்தான் இருக்கிறது. எனக்கு அப்போது தெரியவில்லை.

எஸ்எஃப்சி விண்டோஸின் சொந்த ஃபைல்கள் ஒவ்வொன்றையும் சோதித்தது, எல்லாம் நலம் என்றது. நடுவே எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்க்காமலே சேஃப் மோடுக்குப் போனேன். எக்ஸ்ப்ளோரர் பட்டென்று திறந்தது! சேஃப் மோடில் வெளியாட்களின் சர்வீஸ்களும் டிரைவர்களும் ஏறாது. ஆகவே வெளியிலிருந்து வந்த ஏதோ ஒரு புரோகிராம்தான் குற்றவாளி என்று முடிவு செய்தேன். முடிவு செய்த வேகத்தில், சாதாரண சேஃப் மோடில் நெட்வொர்க்கும் ஏறாது என்பதை யோசிக்கவில்லை. ஒரே சோதனையில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

இரண்டு புரோகிராம்களை நீக்கினேன். ஒன்று, ஃபைல்களைச் சுருக்கும் ஒரு கருவி. இன்னொன்று, அக்கா தமிழ் தட்டச்சுக்கு வைத்திருந்த மென்பொருள். அது ஆழமாக உள்ளே இறங்கி வேலை செய்வது, பழையது, ஆகவே சந்தேகத்துக்கு உரியது என்று நானே தீர்ப்பு எழுதினேன். "வேற ஒண்ணு போட்டுத் தரேன்க்கா" என்றேன். அவள் ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் "நீ சொன்னா சரி" என்றாள்.

ரீஸ்டார்ட் செய்தேன். எக்ஸ்ப்ளோரர் திறந்தது. பத்துத் தடவை மூடித் திறந்து காட்டினேன். பத்துத் தடவையும் திறந்தது. ஏரோபிளேன் மோடு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அப்படியே ஆனில்தான் இருந்தது. அக்கா சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

அந்த ஒரு வாக்கியம்

இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. வருத்தமான குரலில்தான் பேசினாள். மறுபடியும் அதே வெள்ளை ஜன்னல், அதே மங்கல். நான் அடுத்த கட்டமாக விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சாதாரணமாக, போகிற போக்கில் சொன்னாள்:

"அது நெட் இல்லாதப்போ மட்டும் திறக்குதுடா. உன்கிட்டதான் காலையிலேயே சொன்னேனே."

சொல்லியிருந்தாள். காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருந்தாள். நேற்று நெட் கொஞ்ச நேரம் போயிருந்தது, அப்போது திறந்தது, வந்ததும் மறுபடி நின்றுவிட்டது என்று. நான் 'சரிக்கா, பார்க்கிறேன்' என்று லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "வேலையை விட்டதிலிருந்து இதுவும் மக்கர் பண்ணுது." அதை வேலை போன வருத்தத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அது வருத்தம் இல்லை, தேதி. எப்போது தொடங்கியது என்பதை அவள் துல்லியமாகச் சொல்லியிருக்கிறாள்.

ஃபோனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் எதுவும் பேச முடியவில்லை. எந்தச் சேஃப் மோடும் எந்த ஈவென்ட் வியூவரும் சொல்லாததைத் தினமும் அந்த மெஷினோடு இருப்பவள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவளுக்கு நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அவள் பார்த்திருக்கிறாள். நான் லேப்டாப்பைத்தான் பார்த்தேன், அவளைக் கேட்கவே இல்லை. "அக்கா, வைஃபையை ஆஃப் பண்ணிட்டுத் திறந்து பார்" என்றேன். திறந்தது. "இப்ப ஆன் பண்ணித் திற." வெள்ளை ஜன்னல். மறுபடி ஆஃப். திறந்தது. காலை முழுவதும் நான் செய்த எல்லாவற்றையும்விட இந்த மூன்று நிமிடத்தில் கிடைத்தது அதிகம், ஏனென்றால் இதில் மாறியது ஒன்றே ஒன்று.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன். வைஃபை ஆனில் இருக்கும்போதே விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, ரன் பெட்டியில் சி, இரட்டைப்புள்ளி, பின்சாய்வுக்கோடு மட்டும் அடித்து என்டர் தட்டச் சொன்னேன். "திறந்துடுச்சே!" என்றாள். சி டிரைவ் அப்படியே கண்முன்னே. ஆக எக்ஸ்ப்ளோரரில் எந்தக் கோளாறும் இல்லை. மஞ்சள் படத்தை அழுத்தினால் அது முதலில் போய் நிற்கும் முகப்புப் பக்கத்தில்தான் சிக்கல். அங்கேதான் குவிக் ஆக்ஸஸ் இருக்கிறது. நாம் எப்போதும் கண்ணில் படட்டும் என்று குத்தி, அதாவது 'பின்' செய்து வைத்தவை, அடிக்கடி போகும் ஃபோல்டர்கள், கடைசியாகத் திறந்த ஃபைல்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் திண்ணை அது.

யாருக்காகக் காத்திருந்தது

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வைஃபையை ஆன் செய்து, எக்ஸ்ப்ளோரரை உறைய விட்டு, அது உறைந்து நிற்கும்போதே கறுப்பு ஜன்னலில், லேப்டாப் யார் யாரோடு நெட்வொர்க்கில் பேசுகிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டினேன். நிறைய வரிகள் வந்தன, எல்லாம் பிரவுசர் சமாச்சாரம். நடுவே ஒரு வரி. வெளி முகவரி 10 என்று தொடங்கியது, முடிவில் போர்ட் எண் 445, நிலை என்ற இடத்தில் 'சின் சென்ட்'. நெட்வொர்க் வழியாக ஃபோல்டர்களைப் பகிரும் வழிமுறைக்கு உரிய போர்ட் 445. 'சின்' என்பது ஒரு மெஷின் இன்னொன்றோடு பேசத் தொடங்கும்போது தட்டும் முதல் தட்டு. தட்டியாகிவிட்டது, பதில் வரவில்லை என்பதுதான் அந்த வரி சொல்வது. சில விநாடி கழித்து மறுபடி ஓட்டினேன். அதே வரி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

10 என்று தொடங்கும் முகவரிகள் உள்நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. அக்காவிடம் அந்த எண்ணைக் காட்டினேன். எண்ணைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் பழைய ஆபீஸ்ல ஃபோல்டர் எதையாவது பின் பண்ணி வெச்சிருந்தியா?" என்று கேட்டதும் முகம் மாறியது. "சொற்பட்டியல்" என்றாள்.

பதிப்பகத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்த கலைச்சொல் பட்டியல் அது. அலுவலகத்தின் சேமிப்புப் பெட்டியில் இருந்தது. வீட்டு லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் வழியாக வீட்டிலிருந்தே தினமும் திறப்பாள். வேலையை விட்டதும் விபிஎன்னும் போய்விட்டது. பின் மட்டும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் திறக்கும் ஒவ்வொரு தடவையும் முகப்பில் அந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டுமே என்று அந்த முகவரியைப் போய்த் தட்டியது. முன்பு விபிஎன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது அந்தத் தட்டு வீட்டு ரவுட்டரைத் தாண்டி எங்கோ காணாமல் போனது.

வைஃபை இல்லாதபோது ஏன் திறந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. நெட்வொர்க்கே இல்லை என்றால் போக வழியில்லை என்ற பதில் உடனே, லேப்டாப்புக்கு உள்ளேயே கிடைத்துவிடுகிறது. சரி என்று எக்ஸ்ப்ளோரர் மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நெட்வொர்க் இருந்தால்தான் தொல்லை. தட்டிவிட்டுக் காத்திருக்கிறது, பதில் இல்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுகிறது, முன்னைவிட நீண்ட நேரம் காத்திருக்கிறது. ஒரு ஜன்னல் 5 விநாடிக்கு மேல் தனக்கு வரும் செய்திகளை எடுத்துப் பார்க்காவிட்டால் விண்டோஸ் அதன்மேல் அந்த மங்கலைப் போர்த்தி 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடும். நாமும் பொறுமையிழந்து மூடிவிடுகிறோம். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும் விஷயம் இது. பதிலே வராததுதான் ஆளை முடக்குகிறது.

இது விண்டோஸுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. லினக்ஸில் என்எஃப்எஸ் என்ற பகிர்வு வழிமுறையால் இணைத்த ஒரு ஃபோல்டரின் சர்வர் போய்விட்டால், ஃபைல் மேனேஜர் மட்டுமல்ல, டெர்மினலில் அந்த ஃபோல்டரைப் பட்டியலிட 'எல்எஸ்' அடித்தாலே கை கட்டிக்கொண்டு நின்றுவிடும். சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று கெர்னல் லாகில் ஒரு வரி எழுதிவைக்கும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பது போலக் காட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த விலை உண்டு. டிஸ்கில் இருக்கும் ஃபோல்டரும் வேறு ஊர் மெஷினில் இருக்கும் ஃபோல்டரும் அக்காவின் திரையில் ஒரே மாதிரி மஞ்சளாகத்தான் இருந்தன. அவளுக்கு எப்படித் தெரியும்?

தீர்வு சொல்லும்படி பெரிதாக எதுவுமில்லை. வைஃபையை ஆஃப் செய்தோம். எக்ஸ்ப்ளோரர் திறந்தது. இடப்பக்கம் 'சொற்பட்டியல்' என்ற பெயர். நான் மவுஸைக் கொண்டுபோனேன். அக்கா "இரு, நான் எடுக்கறேன்" என்று என் கையை விலக்கினாள். ரைட் கிளிக் செய்து, பின்னை எடுக்கும் வரிவரை கர்சரைக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தாள். அந்தப் பட்டியலில் அவள் சேர்த்த சொற்களே ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று பிறகு சொன்னாள். அழுத்தினாள். பெயர் போய்விட்டது. முதல் நாள் நான் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஹிஸ்டரியை அழித்திருந்தேன், ஆனால் பின் செய்தவற்றை அந்தப் பட்டன் தொடாது. அதனால் அந்தப் பின் அங்கேயே இருந்தது. வைஃபையை ஆன் செய்தோம். மஞ்சள் படத்தை அழுத்தினாள். கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது.

போனது

ஓட்டை ஒன்று இருந்தது என்றேன். நான் நீக்கிய தட்டச்சு மென்பொருளில் அக்கா சுருக்கங்கள் வைத்திருந்தாள். 'மொபெ' என்று அடித்தால் 'மொழிபெயர்ப்பாளர்' என்று விரியும். 'அகொ' என்றால் 'அடிப்படையாகக் கொண்டு'. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, முந்நூறுக்கு மேல். அவை டாக்குமென்ட்ஸில் இல்லை. பல புரோகிராம்களைப் போல அதுவும் தன் அமைப்புகளை 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில்தான் வைத்திருந்தது. நான் காப்பி எடுத்தது டாக்குமென்ட்ஸை மட்டும். நீக்கும்போது அந்த மென்பொருள் தன் ஃபோல்டரையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. திரும்ப நிறுவியபோது காலியாக வந்தது.

எந்தக் குற்றமும் செய்யாத ஒரு புரோகிராமை நீக்கினேன். அதை நீக்கியதற்கும் எக்ஸ்ப்ளோரர் திறந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏரோபிளேன் மோடை ஆஃப் செய்துவிட்டு ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவள் வாசலில் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் அந்தப் பட்டியலையே தொட்டிருக்க மாட்டேன்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. "கையே மறந்துபோயிருக்கும்னு நெனச்சேன், ஆனா விரல் தானா 'மொபெ'ன்னு அடிக்குது, விரிய மாட்டேங்குது. அப்பதான் ஞாபகம் வருது, சேர்த்துடறேன்" என்றாள். விரல் தானாகப் போய் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுருக்கம் திரும்பக் கிடைக்கிறது. நேற்றுவரை 87 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் அந்த ஆப்டேட்டா ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுத்துவிட்டு வருகிறேன்.